கயிறு தொய்ந்திருக்கட்டும்: குதிரையையும் அதன் ஆளையும் வரைவது எப்படி?

மெரினாவில் விடிகாலையில் உட்கார்ந்து குதிரைகளை நீர்வண்ணத்தில் வரைவது என் பழக்கம். ஆரம்பத்தில் குதிரையையும் ஆளையும் முகத்துக்கு முகம் பார்க்க வைத்து வரைவேன். படத்தில் ஒட்டுதலே வராது. ஒருநாள் ஒரு குதிரைக்காரர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, மூஞ்சிக்கு நேரா நின்னா அதுக்கு நம்மளத் தெரியாது. தோளாண்ட வாங்க" என்றார்.

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும்தான் அதற்குப் பார்வை எட்டாது. ஆகவே ஆளை இடது தோளருகே நிறுத்துங்கள்.

முதலில் பென்சில். தலையின் நீளத்தை அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். மார்பிலிருந்து பிட்டம் வரை சுமார் இரண்டரைத் தலை, தரையிலிருந்து தோள்மேடு (கழுத்து முதுகோடு சேரும் மேடு) வரையும் ஏறக்குறைய அதே அளவு. கால்கள்தான் எல்லோரையும் படுத்தும். முன்னங்காலில் முட்டி மாதிரித் தெரிவது நம் மணிக்கட்டு, பின்னங்காலில் பின்பக்கம் துருத்துவது நம் குதிகால். இது மனதில் பதிந்துவிட்டால் கால் தானாக மடங்கும். ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் இதற்காகவே 1750களில் சுமார் 18 மாதம் செத்த குதிரைகளை அறுத்து, ஒவ்வொரு தசையாக வரைந்தார். நமக்கு லாயத்து வாசலில் ஒரு மாதம் உட்கார்ந்தால் போதும்.

அப்புறம் காது. உறவு முழுக்க அங்கேதான் இருக்கிறது. அன்று நான் பார்த்த செவலைக் குதிரையின் ஒரு காது அலைச் சத்தத்தின் பக்கம் இருந்தது. இன்னொன்று, பின்னால் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த அதன் ஆளின் பக்கம் திரும்பியிருந்தது. அவர் இருமினார், காது அசைந்தது. அவர் கையிலிருந்த கயிறு தொய்ந்து மணலைத் தொட்டது. அந்தத் தொய்வை ஒரே இழுப்பில் வரையுங்கள். விறைப்பாக வரைந்தால் அவர் குதிரையை அடக்குகிறவர் ஆகிவிடுவார்.

நிறம் சுலபம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் அல்ட்ராமரைன் என்ற அடர்நீலம் கலந்தால் நிழல் வந்துவிடும், கறுப்பு வேண்டாம். முதுகில் வானத்தின் நீலம் லேசாக விழட்டும். கண்ணின் ஒளிப்புள்ளிக்குக் காகித வெள்ளையையே விட்டுவிடுங்கள்.

கை பழகிய பிறகு கோடியக்கரைக்குப் போங்கள். 1967இல் சரணாலயமான அந்தக் காட்டில் வெளிமான்களோடு, வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டு வாழ்க்கைக்குத் திரும்பிய மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. அங்கே கயிறு கிடையாது, ஆளை வரையவும் வேண்டாம். அந்த ஆள் நீங்கள்தான். முன்னால் புல்வெளியை அகலமாக விடுங்கள். உங்களைப் பார்த்ததும் இரண்டு காதும் உங்கள் பக்கம் நிமிரும். அதைப் பார்த்தவுடன் தூரிகையை எடுக்காதீர்கள். கிட்டப் போகாமல் அசையாமல் இருங்கள். சற்று நேரத்தில் அது தலையைக் குனிந்து மறுபடி மேயத் தொடங்கும், ஒரு காதை மட்டும் உங்கள் பக்கமே வைத்துக்கொண்டு. அப்போது வரையுங்கள்.