இலவச கிளவுட் சர்வரில் சொந்த பிராக்சி: எஸ்எஸ்எச் ஒரு கதவு போதும்

பிராக்சி என்பது உங்கள் சார்பில் தளங்களைத் திறந்து கொடுக்கும் இடைநிலை சர்வர். கிளவுட்டில் ஒரு சர்வர் எடுத்து, ஸ்குவிட் என்ற பிராக்சி மென்பொருளை நிறுவி, 3128 போர்ட்டை (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) ஊருக்கெல்லாம் திறந்துவிடு என்று சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். திறந்து கிடக்கும் பிராக்சியைத் தேடுவதற்கென்றே ஸ்கேனர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. யாரோ அதன் வழியே ஸ்பேம் அனுப்புவார், பழி உங்கள் பெயரிலும் கார்டிலும் உள்ள கணக்கின் மேல் விழும். சொந்த உபயோகத்துக்குத் தனி பிராக்சி மென்பொருளே தேவையில்லை. எந்த லினக்ஸ் சர்வரிலும் ஏற்கெனவே இருக்கும் எஸ்எஸ்எச்சுக்குள்ளேயே (தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் பாதுகாப்பான இணைப்பு) சாக்ஸ் என்ற வகை பிராக்சி அடங்கியிருக்கிறது.

குமுளி லாட்ஜின் பொது வைஃபையில் வேலை பார்க்கிறவர்களுக்கும், வாளையார் பக்கம் போன் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் ஒரு நேரம் கேரள டவரையும் பிடித்து, திறக்கும் தளமெல்லாம் மலையாளத்தில் வருகிறவர்களுக்கும் இது நல்ல உதவி. எங்கிருந்து இணைந்தாலும் வெளியே தெரியும் ஐபி (இணைய முகவரி எண்) ஒன்றாகவே இருக்கும். ஆனால் இது முகமூடி ஆகாது. அந்த ஐபி யாருடையது என்று கிளவுட் நிறுவனத்துக்குத் தெரியும்.

எந்த இலவசம்?

பிராக்சிக்குப் பார்க்க வேண்டியது சர்வரிலிருந்து வெளியேறும் டேட்டாவின் அளவு. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பக்கமும் சர்வருக்குள் வந்து, மறுபடி உங்களை நோக்கி வெளியே போகிறது. அந்த வெளியே போகும் பகுதிக்குத்தான் கணக்கு. கூகுள் கிளவுடின் நிரந்தர இலவசத்தில் மாதம் 1 ஜிபிதான், சர்வரும் அமெரிக்காவில்தான் கிடைக்கும். கொஞ்ச நேரம் வீடியோ பார்த்தாலே தீர்ந்துவிடும். ஆரக்கிள் கிளவுட் மாதம் 10 டிபி தருகிறது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்கு டேட்டா சென்டர் உண்டு. அதனால் ஆரக்கிளையே எடுத்துக்கொள்வோம்.

கணக்குத் தொடங்கும்போது கேட்கும் ஹோம் ரீஜனை, அதாவது உங்கள் சர்வர் இருக்கப்போகும் இடத்தை, நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்ற முடியாது, இலவச சர்வரும் அங்கே மட்டும்தான் கிடைக்கும். ப்ரீபெய்டு கார்டும் விர்ச்சுவல் கார்டும் செல்லாது. கிரெடிட் கார்டு இருந்தால் சிக்கல் குறைவு.

சர்வரை உருவாக்கும்போது உபுண்டு என்ற லினக்ஸின் இமேஜையும், 1 ஜிபி ரேம் கொண்ட ஏஎம்டி மைக்ரோ வடிவத்தையும் (சர்வரின் அளவு) எடுங்கள். ஆம்பியர் என்ற இன்னொரு இலவச வடிவம் பெரிது, ஆனால் 'அவுட் ஆஃப் கெப்பாசிட்டி' (இடமில்லை) என்று அடிக்கடி திருப்பி அனுப்பும். பிராக்சிக்கு அவ்வளவு பெரியது வேண்டியதும் இல்லை. பப்ளிக் ஐபி வேண்டும் என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள். அதே பக்கத்தில் பிரைவேட் கீயை (சர்வருக்குள் நுழையும் ரகசியச் சாவிக் கோப்பு) டவுன்லோட் செய்யும் பொத்தான் இருக்கும். அந்தக் கோப்பு அந்த ஒரு முறைதான் கிடைக்கும்.

சுரங்கம் போடுவது

சுரங்கம் என்பது உங்கள் கணினியிலிருந்து சர்வர் வரை எஸ்எஸ்எச் போடும் மறைவான பாதை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பவர்ஷெல்லில் எஸ்எஸ்எச் இருக்கிறது. கட்டளையின் வரிசை இது: முதலில் எஸ்எஸ்எச் (ssh), அடுத்து மைனஸ் பெரிய டி (-D) 1080, மைனஸ் பெரிய என் (-N), மைனஸ் சின்ன ஐ (-i) போட்டுக் கீ கோப்பின் இடம், கடைசியில் உபுண்டு (ubuntu) என்ற பயனர் பெயர், @ குறி, சர்வரின் ஐபி. என்டர் தட்டிய பிறகு திரையில் ஒன்றும் வராமல் கர்சர் நின்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்த ஜன்னலை மூடாதீர்கள்.

பயர்பாக்ஸில் நெட்வொர்க் செட்டிங்ஸ் திறந்து மேனுவல் பிராக்சியைத் தேர்ந்தெடுங்கள். சாக்ஸ் ஹோஸ்ட் கட்டத்தில் மட்டும் 127.0.0.1, போர்ட் 1080, சாக்ஸ் வி5. மேலே இருக்கும் எச்டிடிபி பிராக்சி கட்டம் காலியாகவே இருக்கட்டும். பலர் அங்கேயும் 1080 போட்டுவிட்டு எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்று திணறுவார்கள். கீழே டிஎன்எஸ்ஸையும் (தளப் பெயரை ஐபியாக மாற்றும் தேடல்) பிராக்சி வழியாக அனுப்பும் டிக் உண்டு, அதை மறக்கக் கூடாது. போடாவிட்டால் எந்தெந்தத் தளத்தைத் தேடுகிறீர்கள் என்பது லாட்ஜ் வைஃபைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இணைப்பு கிடைக்காவிட்டால் பிழைச் செய்தியை நிதானமாக வாசியுங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது. 'டைம்டு அவுட்' வந்தால் சர்வர் நின்றிருக்கலாம், பப்ளிக் ஐபி இல்லாமல் இருக்கலாம், அல்லது ஆரக்கிளின் ஃபயர்வால் விதிகளான செக்யூரிட்டி லிஸ்ட்டில் எஸ்எஸ்எச்சின் போர்ட் 22 திறக்கவில்லை. 'பெர்மிஷன் டினைடு' என்றால் கீ தவறு அல்லது பயனர் பெயர் தவறு. ஆரக்கிள் லினக்ஸ் எடுத்திருந்தால் பெயர் உபுண்டு இல்லை, ஓபிசி (opc). 'அன்ப்ரொடெக்டட் பிரைவேட் கீ' என்று திட்டினால் அந்தக் கோப்பை மற்றவர்களும் திறக்கும்படி விட்டிருக்கிறீர்கள். லினக்ஸில் சிஎச்மோட் (chmod) 600 கொடுத்தால் சரியாகும். விண்டோஸில் கோப்பின் ப்ராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தி, உங்கள் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயர்பாக்ஸ் 'பிராக்சி மறுக்கிறது' என்று சொன்னால் சுரங்கமே ஓடவில்லை.

சும்மா இருக்கும் இணைப்பை மொபைல் நெட்வொர்க் அறுத்துவிடும். எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் சர்வர் அலைவ் இன்டர்வல் (ServerAliveInterval) 60 என்று வைத்தால் இணைப்பு அறுபடாது.

எல்லையைத் தாண்டும்போது

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலை ஏறும்போதோ, செங்கோட்டை–புனலூர் ரயிலில் குகைகளைக் கடக்கும்போதோ சிக்னல் போய் வரும். போனின் ஐபி மாறினால் எஸ்எஸ்எச் செத்துவிடும், மறுபடி இணைக்கத்தான் வேண்டும். அடிக்கடி பயணத்தில் இருப்பவர்களுக்கும், போனிலேயே வேண்டும் என்பவர்களுக்கும் ஒயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் சரி. ஐபி மாறினாலும் அது தானாகத் தொடரும். சரியான கீ இல்லாதவருக்கு அந்த போர்ட் பதிலே சொல்லாது என்பதால் ஸ்கேனர் பயமும் இல்லை.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒயர்கார்டின் போர்ட்டான யுடிபி 51820ஐ ஆரக்கிளின் செக்யூரிட்டி லிஸ்ட்டில் திறந்தால் மட்டும் போதாது. ஆரக்கிள் தரும் உபுண்டு இமேஜுக்குள் தனியாக ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதிகள் இருக்கின்றன. இன்புட் (சர்வருக்கு வருவது), ஃபார்வர்டு (சர்வரைக் கடந்து போவது) இரண்டு பட்டியலிலும், மற்ற எல்லாவற்றையும் மறுக்கும் ரிஜெக்ட் வரிக்கு மேலே உங்கள் விதி வர வேண்டும். கீழே சேர்த்தால் அது இல்லாததற்குச் சமம். ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்கி, போனின் போக்குவரத்தைச் சர்வரின் ஐபியில் வெளியே அனுப்பும் மாஸ்கரேடு விதியும் சேருங்கள். போன் பக்கம் அலவ்டு ஐபியில் (சுரங்கம் வழியே போக வேண்டிய முகவரிகள்) 0.0.0.0/0 மட்டும் போட்டால், ஐபிவி6 (புதிய வகை ஐபி) தரும் சிம்மில் போக்குவரத்தின் ஒரு பகுதி சுரங்கத்துக்கு வெளியே போய்விடக்கூடும். ::/0 என்பதையும் சேர்த்துப் போடுங்கள். சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால் எம்டியூவை (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1280 ஆக்கிப் பாருங்கள்.

வங்கித் தளங்களையும் அரசுத் தளங்களையும் பிராக்சி இல்லாமலே திறங்கள். டேட்டா சென்டர் ஐபி என்றாலே பல தளங்கள் தடுத்துவிடும், சில கணக்கையே முடக்கும். பயர்பாக்ஸில் பிராக்சிக்கென்று தனி ப்ரொஃபைல் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இன்னொன்று: ஏழு நாள் கிட்டத்தட்ட சும்மா கிடக்கும் இலவச சர்வரை ஆரக்கிள் நிறுத்தக்கூடும். பிராக்சி சர்வர் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். கணக்கைப் பே ஆஸ் யூ கோவுக்கு (பயன்படுத்தும் அளவுக்குப் பணம் கட்டும் வகை) மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை, இலவச வரம்புக்குள் இருக்கும்வரை கட்டணமும் இல்லை. மாற்றிய அன்றே பட்ஜெட் அலர்ட் ஒன்று வைத்துவிடுங்கள்.