பின்கட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்: டர்பன் வீட்டுக்காரர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சொந்த வீடு இருக்கிறது, பிள்ளைகள் கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டார்கள், பின்னால் இருக்கும் அவுட்பில்டிங் சும்மா கிடக்கிறது, ரேட்ஸ் என்னும் மாநகராட்சிச் சொத்துவரி பில் மட்டும் மாதாமாதம் தவறாமல் வருகிறது. வாடகைக்கு விடலாமே என்று தோன்றத்தான் செய்யும். நம் ஆட்களில் பலர் இதை ஒரு தொழிலாகவே நினைப்பதில்லை. கோவிலில் தெரிந்த ஒருவர் சொல்லி ஒரு குடும்பம் வரும், பார்த்தால் நல்லவர்களாகத் தெரிவார்கள், அன்றைக்கே சாவி கைமாறிவிடும். ஆனால் அம்லாங்காவில் வரிசையாக ஃபிளாட் வைத்திருப்பவருக்கும் பின்கட்டில் ஒரே ஒரு அறை விடுபவருக்கும் சட்டம் ஒன்றுதான், 1999-இல் வந்த வாடகை வீட்டுச் சட்டம், அதன் எண் 50. குடிவருபவர் உங்கள் அண்ணன் மகனாகவே இருந்தாலும் கணக்கில் மாற்றமில்லை, சொல்லப்போனால் அங்கேதான் காகிதம் கூடுதலாகத் தேவைப்படும்.

முதலில் கட்டடத்தைக் கவனியுங்கள். அந்த அவுட்பில்டிங்குக்கு மாநகராட்சி அனுமதித்த பிளான் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அப்பா காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாக்கள் சேர்ந்து கட்டிய அறைகள் இங்கே ஏராளம், அவை உறுதியாக இருக்கலாம், ஆனால் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது பிளானையும் மின்சாரச் சான்றிதழையும்தான். பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயரிங்கையும் கீசரையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டை வாடகைக்கு விடப்போவதை இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கலவரச் சேதத்துக்கான சாஸ்ரியா இன்சூரன்ஸ் எதற்கு என்று 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சரிவில் வீடு இருந்தால் 2022 ஏப்ரல் வெள்ளம் நினைவிருக்கும், மண் தாங்கும் சுவரையும் மழைநீர்க் கால்வாயையும் ஆள் வருவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. அப்புறம் ஜன்னல் கம்பி. திருடனுக்காக மட்டும் சொல்லவில்லை, குரங்குக்கும் சேர்த்துத்தான். குரங்கு உள்ளே புகுந்து சமையலறையைக் கலைத்தால் சுத்தம் செய்வது யார் என்று ஒரு வாரம் சண்டை நடக்கும்.

கரண்ட், தண்ணீர் விஷயத்தை விளம்பரம் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால் மூன்றாவது மாதம் மனக்கசப்பு வரும், அவர்கள் நாள் முழுக்க ஹீட்டர் போடுகிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், உங்கள் கீசர்தான் கரண்டைத் தின்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். பின்கட்டுக்குத் தனியாக பிரீபெய்ட் சப்-மீட்டர் வைப்பதே நல்லது. ஆனால் மாநகராட்சி உங்களிடம் வாங்கும் விலைக்கு மேலே வைத்து விற்று லாபம் பார்க்க நினைக்காதீர்கள், அது புகாரில்தான் போய் முடியும். தண்ணீரில் வேறொரு சிக்கல்: பயன்பாடு கூடக்கூட லிட்டர் விலையும் படிப்படியாக ஏறும், ஒரு மீட்டரில் இரண்டு குடும்பம் குளித்துத் துவைத்தால் பில் இரட்டிப்பாவதோடு நிற்காது. வாடகையிலேயே ஓர் அளவு தண்ணீரைச் சேர்த்துவிட்டு, அதற்கு மேல் போனால் எப்படிப் பங்கிடுவது என்று எழுதி வையுங்கள். பில் உங்கள் பெயரில் வருகிறது, பாக்கி நின்றால் மாநகராட்சி உங்களிடம்தான் வரும்.

விளம்பரத்தில் "இந்தியர் மட்டும்", "தமிழ்க் குடும்பம் மட்டும்" என்று போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, நிறுத்துங்கள். இனம், மதம், மொழி, கல்யாண நிலை, கர்ப்பம் போன்றவற்றைக் காரணம் காட்டி ஆளை ஒதுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, விளம்பரத்துக்கும் அது பொருந்தும். புரட்டாசி விரதத்தில் நீங்கள் இருக்கும்போது பொது முற்றத்தில் இறைச்சி சுடுவது சங்கடமாக இருக்கும் என்றால், முற்றத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதை வீட்டு விதிகளில் எழுதி, கையெழுத்துக்கு முன்பே காட்டி, ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அவர்கள் தங்கள் சமையலறையில் என்ன சமைக்கிறார்கள் என்பதில் மூக்கை நுழைக்காமல் இருப்பது என் கருத்தில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆளைத் தேர்ந்தெடுக்க முகம் பார்த்தால் போதாது, காகிதத்தையும் பார்க்க வேண்டும். அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், இவற்றைக் கேளுங்கள். சம்பளச் சீட்டைக் கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், அதில் இருக்கும் தொகை அதே தேதியில் பேங்கில் விழுந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வாடகை அவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசியுங்கள். அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு கிரெடிட் செக் செய்யலாம், டிபிஎன் மாதிரியான நிறுவனங்கள் வாடகை கட்டிய வரலாற்றையும் தருகின்றன. பழைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பதென்றால் இப்போதைய வீட்டுக்காரரோடு நிறுத்தாதீர்கள், ஆளைக் கிளப்பினால் போதும் என்றிருப்பவர் தங்கமான பையன் என்றுதான் சொல்வார். அதற்கு முந்தையவரைத் தேடிப் பிடியுங்கள்.

வாய்ப்பேச்சாக விட்டாலும் அது ஒப்பந்தம்தான், குடியிருப்பவர் கேட்டால் நீங்கள் அதை எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் முதலிலேயே எழுதிவிடுங்கள். யார் யார் தங்குவார்கள், வாடகை எவ்வளவு, எந்தத் தேதி, வருடத்துக்கு எவ்வளவு ஏறும், கார் எங்கே நிற்கும், கேட் ரிமோட் எத்தனை. கடைசி மாத வாடகைக்கு டெபாசிட்டைக் கழித்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். "அங்கிள், இந்த மாசம் டெபாசிட்ல எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உடைந்த அடுப்பையும் விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

டெபாசிட் உங்கள் பணம் அல்ல. வட்டி தரும் கணக்கில் அதைப் போட வேண்டும், வட்டியும் குடியிருப்பவருக்கே சேர வேண்டும், கணக்கைக் காட்டு என்று அவர் கேட்டால் காட்ட வேண்டும். எவ்வளவு வாங்கலாம் என்று சட்டத்தில் உச்சவரம்பு இல்லை, ஒரு மாதமோ இரண்டு மாதமோ வாங்குவது வழக்கம். அதற்கென்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்துவிடுங்கள், தீபாவளிக்கு வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க அதில் கை வைக்காதீர்கள். பணம் கட்டியதாக போனில் அனுப்பும் ரசீதை நம்பிச் சாவி கொடுக்க வேண்டாம், போலி ரசீதுகள் நிறையச் சுற்றுகின்றன, தொகை உங்கள் கணக்கில் தெரிந்த பிறகு சாவி. ரொக்கமாக வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் தேதி போட்டு, இது வாடகையா, பாக்கியா, டெபாசிட்டா என்று எழுதி ரசீது கொடுக்க வேண்டும்.

குடிவரும் முன் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும். பலர் தாண்டிப் போவது இதைத்தான். அவர் இருக்கும்போது நீங்கள் சோதிக்காமல் விட்டால், வீடு நல்ல நிலையில் இருப்பதாக நீங்களே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், பிறகு சேதத்துக்குக் காசு கேட்க முடியாது. போனில் வீடியோ எடுங்கள், அடுப்பு எரிகிறதா, சிஸ்டர்ன் ஒழுகுகிறதா, சுவரில் ஈரக்கறை எங்கே என்று ஒவ்வொன்றாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு அந்தப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். டர்பன் ஈரத்தில் பூஞ்சையும் துருவும் தானாக வரும், அதையெல்லாம் குடியிருப்பவர் தலையில் கட்ட முடியாது. வெயிலில் வெளுத்த பெயிண்ட் சாதாரணத் தேய்மானம், சூடான சட்டியை வைத்துக் கருக்கிய கவுண்டர் சேதம்.

அவர்கள் குடிவந்த பிறகு அது அவர்கள் வீடு. உங்கள் முற்றத்தில் இருக்கிறது என்பதற்காகக் கதவைத் தட்டாமல் நுழையக் கூடாது, பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நியாயமான நேரத்தில் போங்கள்.

வாடகை நின்றால் என்ன செய்வது? எல்லோரும் பயப்படும் கேள்வி இது. செய்யக் கூடாததை முதலில் சொல்கிறேன்: பூட்டை மாற்றாதீர்கள், கரண்டை நிறுத்தாதீர்கள், சாமானை எடுத்து வெளியே வைக்காதீர்கள். நாலு மாதமாக ஒரு சதம்கூடக் கட்டாதவராக இருந்தாலும் சரி. கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது என்று அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவே சொல்கிறது. சட்டத்தை மீறி ஆளை வெளியே பூட்டினால் அது குற்றம், அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம், அவர் அவசரமாக கோர்ட்டுக்குப் போனால் நீங்களே சாவியைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆகும், வக்கீல் செலவும் உங்கள் தலையில். சட்டப்படியான வழி மெதுவானது. பாக்கியைக் கட்டச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ், கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் கடிதம், அதற்கும் போகாவிட்டால் சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998-இன் பிஐஇ சட்டத்தின்கீழ் கோர்ட்டில் மனு. விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் குடியிருப்பவருக்கும் மாநகராட்சிக்கும் நோட்டீஸ் போக வேண்டும், வீட்டில் குழந்தைகள், முதியவர்கள், ஊனமுற்றவர்கள் இருக்கிறார்களா என்று கோர்ட் பார்க்கும், உத்தரவு கிடைத்தாலும் வெளியேற்றுவது கோர்ட் அதிகாரியான ஷெரிஃபின் வேலை, நீங்களோ உங்கள் மச்சானோ போகக் கூடாது. மாதங்கள் போகும், பணமும் போகும். ஆகவே வாடகை 1-ஆம் தேதி வராவிட்டால் 3-ஆம் தேதியே மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் சொன்னாலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். பாவம் என்று மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு நான்காவது மாதம் கத்துவதில் யாருக்கும் லாபமில்லை.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, டர்பனிலேயே அணுகலாம், கட்டணம் கிடையாது, வீட்டுக்காரரும் புகார் கொடுக்கலாம். பாக்கி, டெபாசிட், பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் அங்கே பேசித் தீர்க்கலாம், அதன் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவின் மதிப்பு உண்டு. ஆனால் வீட்டைக் காலி செய்ய உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை.

வரி பற்றிச் சுருக்கமாக: வாடகை வருமானத்தை வரித்துறையான சார்ஸிடம் காட்ட வேண்டும், கணக்கு மார்ச் முதல் பிப்ரவரி வரை. ரேட்ஸ், இன்சூரன்ஸ், பாண்டு (வீட்டுக் கடன்) வட்டி ஆகியவற்றில் பின்கட்டுக்குரிய பங்கையும், பின்கட்டில் செய்த ரிப்பேர் செலவையும் கழிக்கலாம். புதிதாக ஒரு அறை கட்டினால் அது ரிப்பேர் ஆகாது.

குறித்த கால ஒப்பந்தம் முடிந்தும் அவர்கள் உங்கள் சம்மதத்தோடு தொடர்ந்தால் அது மாதாமாத ஒப்பந்தமாகிவிடும், முடிக்க நினைப்பவர் ஒரு மாத எழுத்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். போகும்போது, ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 3 நாளுக்குள் மறுபடியும் சேர்ந்து வீட்டைப் பாருங்கள், பழைய பட்டியலையும் வீடியோவையும் கையில் வைத்துக்கொண்டு. சேதம் எதுவும் இல்லையென்றால் 7 நாளுக்குள் டெபாசிட்டை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், இருந்தால் சரிசெய்த செலவைக் கழித்து மீதியை 14 நாளுக்குள், கழித்ததற்கான பில்லை அவர் பார்க்கக் கொடுக்க வேண்டும். நீங்கள் கூப்பிட்டும் அவர் வராவிட்டால் காலம் முடிந்த 7 நாளுக்குள் நீங்களே பார்த்துவிட்டு, மீதியை 21 நாளுக்குள் அனுப்புங்கள். அன்றைக்கே மீட்டர் ரீடிங்கையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.