கிரிப்டோ: அரசின் பணத்தை விட்டு விலக நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

பிட்காயினின் முதல் பிளாக், அதாவது பரிவர்த்தனைகளைப் பதியும் முதல் தொகுதி, 2009 ஜனவரி 3 அன்று உருவானது. அதனுள் அன்றைய லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் தலைப்பு ஒன்றைப் பொதிந்து வைத்திருக்கிறார், சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர். தத்தளிக்கும் வங்கிகளை இரண்டாவது முறையாகக் கைதூக்கிவிடும் நிலையில் பிரிட்டன் நிதியமைச்சர் இருக்கிறார் என்பது செய்தி. அரசும் வங்கிகளும் பணத்தை நடத்தும் விதத்தின் மீதான கோபம் அதில் தெரிகிறது.

அந்தக் கோபத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவில் 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கினார்கள். இலங்கையில் 2022இல் ஒரு டாலருக்கு 200 ரூபாய் என்றிருந்தது சில வாரங்களில் 360 ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. ஆகவே, அரசின் பணத்துக்கு மாற்று வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அவரைப் பைத்தியக்காரர் என்று சொல்ல மாட்டேன். யாரையும் நம்பத் தேவையில்லாத பணம் என்று சொல்லி வாங்கிவிட்டு, ரிசர்வ் வங்கியைவிடக் குறைவாகத் தெரிந்த நாலு பேரை நம்பி உட்கார்ந்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் புரிவதில்லை.

முதல் தவறு, மாற்றுப் பணமும் முதலீடும் ஒன்றென்று நினைப்பது. பிட்காயின் வைத்திருப்பவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ரூபாயில்தான் பதில் வரும். எதைக் கொண்டு மற்றவற்றை அளக்கிறோமோ அதுதான் நம் மனதில் பணம். எதை அளக்கிறோமோ அது சரக்கு.

இலங்கைக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 2021 நவம்பரில் பிட்காயின் ஏறக்குறைய 69,000 டாலர் என்ற உச்சத்தில் இருந்தது. ரூபாய் சரியப்போகிறது என்று சரியாகவே கணித்த ஒருவர் அன்றைய விலையில் ஒரு பிட்காயின் வாங்கியிருந்தால், இலங்கை ரூபாயில் ஒரு கோடியே நாற்பது லட்சம் ஆகியிருக்கும். ஓர் ஆண்டு கழித்து பிட்காயின் 16,000 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. ரூபாய் அவ்வளவு விழுந்த பிறகும் அவர் கையில் இருந்திருப்பது அறுபது லட்சத்துக்கும் குறைவு. வெறும் டாலர் நோட்டை வைத்திருந்தவர் ரூபாய்க் கணக்கில் 75 சதவீதத்துக்கு மேல் லாபம் பார்த்திருப்பார். அதன் பிறகு பிட்காயின் ஏறியது உண்மைதான். ஆனால் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற 2022இல் அந்த ஏற்றம் யாருக்குப் பயன்பட்டிருக்கும்? அடுத்த ஆண்டுச் செலவுக்கான தொகையை இதில் போடுவது, மாற்றுப் பணம் தேடும் வேலையே அல்ல.

ஒரு நாடே இதைச் செய்து பார்த்தது. எல் சால்வடார் 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயினைச் சட்டபூர்வப் பணமாக்கியது. அந்த நாட்டுக்கு 2001 முதலே சொந்த நாணயம் கிடையாது, அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில் இருந்தது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அரசின் ‘சிவோ’ வாலட்டை (கைபேசியில் இயங்கும் டிஜிட்டல் பணப்பை) பதிவிறக்கியவர்களுக்கு 30 டாலர் இனாம். பெரும்பாலோர் இனாமைச் செலவழித்துவிட்டு வாலட்டைத் திறக்கவே இல்லை. கடைசியில் சர்வதேச நிதியத்திடம் 140 கோடி டாலர் கடன் கேட்கப் போனபோது, 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவுக்குத் தளர்த்தினார்கள். இப்போது அங்கே பிட்காயினில் வரிகூடக் கட்ட முடியாது. வரியாக ஏற்றுக்கொள்ளப்படுவதே ஒரு நாணயத்தின் பலத்தில் பாதி என்று நினைக்கிறேன்.

எக்ஸ்சேஞ்சில் தெரியும் எண்

கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தையான எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் செயலியில் ஆதார், பான் கொடுத்துப் பதிவு செய்து, வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பி பிட்காயின் வாங்குகிறோம். திரையில் 0.02 என்று தெரிகிறது. அந்த 0.02 நம்முடையதா? அந்த பிட்காயினை நகர்த்தும் தனிச்சாவி, அதாவது கடவுச்சொல் போன்ற ரகசிய எண், எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது, கேட்டால் தருவோம் என்று ஒரு நிறுவனம் சொல்லும் வாக்கு. வங்கியும் அதே வாக்கைத்தான் தருகிறது. ஆனால் இந்தியாவில் வங்கி மூழ்கினால் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. எக்ஸ்சேஞ்சுக்கு அப்படி எதுவும் இல்லை.

வரலாறு இதில் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தியிருக்கிறது. 2014இல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தபோது காணாமல் போனதாகச் சொன்னது எட்டரை லட்சம் பிட்காயின். கனடாவின் குவாட்ரிகா கதை இன்னும் விசித்திரம். அதன் நிறுவனர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்தார். கடவுச்சொற்கள் அவரோடு போய்விட்டன என்றார்கள். விசாரித்துப் பார்த்தால், வாடிக்கையாளர் பணத்தை அவர் முன்பே மோசடி வர்த்தகத்தில் தொலைத்திருந்தார். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் விழுந்தது. அதன் தலைவர் சாம் பேங்க்மேன் ஃபிரைடுக்கு 25 ஆண்டு சிறை. நம் நாட்டில் 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டது. வாடிக்கையாளர்களால் காயினை எடுக்க முடியவில்லை. வர்த்தகம் மீண்டும் தொடங்க 2025 அக்டோபர் ஆனது.

அந்த விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. திருடப்பட்டது வேறு வகை காயின். என் எக்ஸ்ஆர்பி காயின்களில் யாரும் கை வைக்கவில்லை, பிறகு ஏன் நஷ்டத்தில் எனக்குப் பங்கு என்று முதலீட்டாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கிரிப்டோ என்பது உரிமை கொண்டாடத்தக்க, ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பில் வைத்திருக்கத்தக்க சொத்து என்று 2025 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது. முக்கியமான தீர்ப்புதான். ஆனால் சொத்து என்றுதான் சொன்னது. பணம் என்று சொல்லவில்லை. அரசை நம்பாமல் கிளம்பியவருக்குப் பாதுகாப்புத் தேட அரசின் நீதிமன்றம்தான் மிஞ்சியது என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவர்கள், தனிச்சாவி தம் கையிலேயே இருக்கும் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே எல்லாமே சீட் ஃபிரேஸ் எனப்படும் 12 அல்லது 24 சொற்களில் அடங்கியிருக்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது, தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வது, மின்னஞ்சலில் சேமிப்பது எல்லாமே வாசல் திண்ணையில் சாவியை வைத்துவிட்டுப் போவதுதான். கையால் காகிதத்தில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். ‘வாலட்டைச் சரிபார்க்கிறோம்’ என்று அந்தச் சொற்களைக் கேட்கிறவர் எவராக இருந்தாலும் திருடர். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

காயின் அனுப்ப, பெறுபவரின் வாலட் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவதும் ஆபத்து. முனைகள் ஒத்துப்போகும் போலி முகவரிகளைத் திருடர்கள் உருவாக்கி, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் புகுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். முழுதாகப் பாருங்கள். ஒரு காயினைத் தவறான வலையமைப்பு வழியாக அனுப்பிவிடும் குழப்பமும் நடக்கிறது. முதலில் சிறு தொகை அனுப்பிச் சோதித்துவிட்டு மீதியை அனுப்பினால் கொஞ்சம் கட்டணம் கூடும், அவ்வளவுதான்.

விலை குறைந்த காயின்

பிட்காயின் வாங்க லட்சக்கணக்கில் வேண்டும், அதனால் பைசாவில் கிடைக்கும் காயினை வாங்குகிறேன் என்பவர்களைப் பார்க்கிறேன். ஒரு பிட்காயினைப் பத்துக் கோடிக் கூறுகளாகப் பிரிக்கலாம். நூறு ரூபாய்க்கும் வாங்கலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். ஷிபா இனு காயினை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் உருவாக்கியவை பத்துக் கோடி கோடி. ஏறக்குறைய நாற்பது சதவீதத்தை அழித்த பிறகும் ஐந்து கோடி கோடிக்கு மேல் இருக்கின்றன. இது ஒரு ரூபாய்க்குப் போகும் என்று கனவு காண்பவர் பெருக்கிப் பார்க்க வேண்டும்: மொத்த மதிப்பு 500 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். இந்தியா முழுவதும் 2024-25 என்ற ஓர் ஆண்டில் உற்பத்தி செய்ததே 330 லட்சம் கோடி அளவில்தான் இருந்தது.

எண்ணிக்கைக்கு வரம்பு என்ற பெருமையும் பிட்காயினோடு நின்றுவிடுகிறது. 2.1 கோடிக்கு மேல் வராது என்ற விதி அதனுடையது. வேறு பல காயின்களில் அச்சடிக்கும் உரிமை ஒரு சிறு குழுவின் கையில். மத்திய வங்கி நோட்டு அச்சடிப்பதைத் திட்டுகிறவர்கள் இதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்களோ! மாதம் இத்தனை சதவீதம் உறுதி, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று வருபவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒன்காயின் என்ற ஒன்றுக்குப் பின்னால், பரிவர்த்தனைகளைப் பதியும் பொதுப் பேரேடான பிளாக்செயினே இருக்கவில்லை. பிட்கனெக்ட் 2018 ஜனவரியில் ஒரே வாரத்தில் ஆவியானது.

விலை ஆடாமல் இருக்க, ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும்படி வடிவமைத்த ஸ்டேபிள்காயினில் வைத்திருக்கிறேன் என்பவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள். அவர்கள் செய்யும் தவறும் விவரமானது. எல்லா ஸ்டேபிள்காயினும் ஒன்றல்ல. டெர்ராவின் யுஎஸ்டி காயினுக்குப் பின்னால் டாலரே இல்லை, லூனா என்ற இன்னொரு காயின்தான் இருந்தது. 2022 மே மாதத்தில் இரண்டும் சேர்ந்து விழுந்தன, சுமார் 4,000 கோடி டாலர் கரைந்தது. உண்மையான டாலர் இருப்பு வைத்திருந்த யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினும் 2023 மார்ச்சில் 90 சென்டுக்குக் கீழே போனது. அதன் இருப்பில் 330 கோடி டாலர், திவாலான சிலிக்கான் வேலி வங்கியில் சிக்கியிருந்தது. விலை எப்போது மீண்டது தெரியுமா? அந்த வங்கியின் வைப்புத்தொகை முழுவதற்கும் அமெரிக்க அரசு பொறுப்பேற்ற பிறகு. வங்கி மீட்பைக் குத்திக்காட்டித் தொடங்கிய கதை, பதினான்கு ஆண்டுகளில் வங்கி மீட்பால் பிழைத்துக்கொண்டது. டெதர் என்ற ஸ்டேபிள்காயினை வெளியிடும் நிறுவனத்தின் இருப்பில் பெரும்பகுதி அமெரிக்கக் கருவூலப் பத்திரங்கள். டெதர் வைத்திருப்பவர் அரசின் பணத்திலிருந்து தப்பவில்லை. இன்னோர் அரசின் பணத்துக்கு, நடுவில் ஒரு தனியார் நிறுவனத்தை வைத்து, மாறியிருக்கிறார்.

சட்டமும் வரியும்

வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையை, 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதை ‘கிரிப்டோவுக்கு அங்கீகாரம்’ என்று படித்தவர்கள் ஏராளம். தடை நீங்கியது, அங்கீகாரம் வரவில்லை. எக்ஸ்சேஞ்சுகள் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்வதும் கறுப்புப் பணத் தடுப்புக்கான கடமைதான். உங்கள் முதலீட்டுக்கு அரசு தரும் முத்திரை என்று அதைக் காட்டுபவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். ரிசர்வ் வங்கி வெளியிடும் டிஜிட்டல் ரூபாயை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்; அது ரூபாயேதான்.

வரி விஷயத்தில் பலருக்குத் தலை சுற்றும். 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் உங்கள் கையில் வந்தது பூஜ்யம்; கட்ட வேண்டியது 31,200 ரூபாய். நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. வேறு வருமானம் இல்லாதவருக்கும் அடிப்படை விலக்கு பொருந்தாது. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் விற்பனைதான். பிட்காயின் கொடுத்து ஒரு கோப்பை தேநீர் குடித்தாலும் அந்தத் துளி பிட்காயினை என்ன விலைக்கு வாங்கினீர்கள், இன்று என்ன விலை, லாபம் எவ்வளவு என்று கணக்கு எழுதியாக வேண்டும். இந்தியாவில் இது புழங்கும் பணமாக ஆகாததற்கு, தொழில்நுட்பத்தைவிட இந்த ஒரு விதி பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு: பிட்காயினின் ஒவ்வொரு பரிவர்த்தனையும் பொதுவெளியில் அழியாமல் பதிவாகிறது. பெயர் மட்டும்தான் இல்லை. அதைச் சேர்க்க ஒரு பான் எண் போதும். 2016இல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து திருடப்பட்ட ஏறக்குறைய 1,20,000 பிட்காயினில் 94,000 வரை, தடம் பிடித்து 2022இல் அமெரிக்க அரசு கைப்பற்றியது.

எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்று அறிமுகமில்லாதவருக்கு நேரடியாக டெதர் விற்பவர்கள் மாட்டுவது இன்னொரு இடத்தில். வாங்குபவர் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பும் ரூபாய், வேறெங்கோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பிடுங்கியதாக இருக்கலாம். புகார் போனதும், பணம் போன பாதையில் உள்ள கணக்குகளை எல்லாம் சைபர் போலீஸ் முடக்கச் சொல்கிறது. உங்கள் மாநிலம்கூட இல்லாத ஒரு காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள், சம்பளம் உள்ளே சிக்கியிருக்கும். இப்படி விற்றே தீர வேண்டும் என்றால், சம்பளக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். வாங்குபவரின் பெயரும் பணம் வரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உரையாடல், ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

கடைசியாக, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது. வங்கிக் கணக்கில் நாமினி உண்டு, வாலட்டில் இல்லை. சொற்கள் தெரியாவிட்டால் வாரிசுச் சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் போக முடியாது. எந்த வாலட், எந்தச் சாதனம், காகிதம் எங்கே இருக்கிறது என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். உயிலில் அந்த 24 சொற்களையே எழுதிவிடாதீர்கள். அதை எழுதுபவர், சாட்சிகள், பதிவு அலுவலகம், வக்கீல் என்று எத்தனையோ கண்கள் படும். காகிதம் இருக்கும் இடத்தை மட்டும் குறிப்பிட்டால் போதும்.