பழைய டிராக்டர் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

போன ஆனியில் நாற்றைப் பறித்து வரப்போரம் முடி முடியாக அடுக்கி வைத்துவிட்டோம். மறுநாள் காலை நடவு. கடைசி உழவு ஓட்ட வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. அப்பா வாங்கிய 35 குதிரைத்திறன் வண்டி அது, வயது 28. அன்று தொடங்கி மூன்று நாள் நான் அலைந்த அலைச்சல் மற்றவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது டீசல், ஏர் லாக் (டீசல் குழாயில் காற்று அடைப்பது) சமாச்சாரம். இங்கே பேசுவது செல்ஃபே சுற்றாத வண்டியைப் பற்றி.

கை வைக்கும் முன்

கியர், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றும் தண்டு) இரண்டும் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயருக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்டாப் கேபிளை இழுத்து வையுங்கள். டீசல் போகாது, சோதிக்கும்போது இன்ஜின் திடீரென்று பிடித்துக்கொள்ளாது.

ஸ்க்ரூ டிரைவரை செல்ஃப் மோட்டார் முனைகளில் வைத்து நேரடியாக ஸ்டார்ட் செய்கிற பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்யும்போது கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் எதுவும் வேலை செய்யாது. வண்டி கியரில் இருந்தால் அந்த நொடியே நகரும். நீங்கள் நிற்பதோ பெரிய சக்கரத்துக்கு முன்னால். இப்படி உயிர் போனவர்கள் நிறைய.

சத்தத்தைக் கேளுங்கள், ஹெட்லைட்டைப் பாருங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகுங்கள். சத்தமே இல்லை, வெளிச்சமும் குறையவில்லை என்றால் சொலினாய்டுக்கு (பேட்டரி கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடும் சுவிட்ச்) கரண்ட் போகவில்லை. சாவி சுவிட்ச், ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச், சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் ஆகியவற்றில் தேடுங்கள். ‘டகடகடக’ என்று அடித்து வெளிச்சமும் மங்கினால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று ஓடி இன்ஜின் அசையவில்லை என்றால் மோட்டாரின் பெண்டிக்ஸ் பல், இன்ஜினின் ஃபிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரைப் பிடிக்கவில்லை, மோட்டாரைக் கழற்றத்தான் வேண்டும்.

ஆளைக் குழப்புவது அந்த ஒற்றை ‘டக்’தான். பேட்டரி, டெர்மினல், எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோடு சேர்க்கும் இணைப்பு), சொலினாய்டு, மோட்டார் ஆகிய ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம்.

பேட்டரி

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு வந்து மறுபடி பாருங்கள். அதைவிட முக்கியம், செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு நிற்கிறது என்பது. 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது சார்ஜ் இல்லை. மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஆசிட் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டு ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து செல் ஒரே அளவு காட்டி ஒன்று மட்டும் தாழ்ந்து கிடந்தால் அந்த பேட்டரியோடு போராட வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

முதல் நாள் பக்கத்து வயல் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டோம். உடனே எடுத்தது. “அப்ப பேட்டரிதான் போச்சு தம்பி” என்றார் சித்தப்பா. நானும் அதையேதான் நினைத்தேன். புது பேட்டரி வாங்கி மாட்டினேன். அதே ‘டக்’. மறுநாள் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போனேன். மேஜையில் வைத்து ஓட்டினால் ஜம்மென்று ஓடுகிறது. கொண்டுவந்து மாட்டினால் மறுபடி ‘டக்’.

மூன்றாம் நாள்தான் உறைத்தது. ஜம்பர் போடும்போது நெகட்டிவ் கிளிப்பை பேட்டரியில் மாட்டவில்லை, முறைப்படி இன்ஜின் பாடியில் மாட்டியிருந்தோம். அதாவது எங்களை அறியாமலே புதிதாக ஒரு எர்த் கொடுத்திருக்கிறோம். வண்டி எடுத்ததற்குக் காரணம் அந்த எர்த்.

ஃபுட்போர்டுக்குக் கீழே, எர்த் ஒயர் கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் மாட்டும் போல்ட்டைப் பார்த்தேன். கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) வாரி அடித்த சேறு ஓடு மாதிரி காய்ந்திருந்தது. தட்டிவிட்டு ஸ்பேனர் போட்டால் போல்ட் கல் மாதிரி இறுக்கமாக இருக்கிறது. கழற்றிய பிறகுதான் தெரிந்தது. லக்கின் (ஒயர் முனையில் உள்ள வளையத்தின்) அடிப்பக்கம் முழுக்கப் பச்சைப் பவுடர். ஹவுசிங் பக்கம் எப்போதோ அடித்த பெயின்ட், அதன்மேல் துரு. உலோகத்தோடு உலோகம் தொட்ட இடம் மிளகு அளவுக்குக் கூட இல்லை.

இதனால் எப்படி வண்டி நிற்கும்? செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். அந்த இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தால் 4 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும், அதனால் அது பளிச்சென்று எரிந்து நம்மை ஏமாற்றும். டெஸ்ட் பல்பும் அப்படித்தான். சும்மா நிற்கும்போது மல்டிமீட்டரும் 12 வோல்ட் காட்டும். லோடு கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எர்த்தைச் சோதிக்கும் முறை

கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். கிளாம்ப் மேல் வைத்தால் கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் உள்ள கோளாறு தெரியாமல் போய்விடும். சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருக வேண்டும், 5 நொடி போதும். 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். எனக்கு 4-க்கு மேல் காட்டியது.

பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி. பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துக்கும், சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் முனைக்கும் நடுவில் பாருங்கள். சாவியைத் திருகிய பிறகு முனையை வையுங்கள், அதற்கு முன் 12 வோல்ட் காட்டத்தான் செய்யும். கூடுதலாக இருந்தால் கிளாம்ப், ஒயர், சொலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் ஆள் அகப்படுவான்.

மல்டிமீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுங்கள். ஒரு முனையை இன்ஜின் பாடியில் மாட்டிவிட்டு, மறு முனையை அதே வண்டியின் பேட்டரி நெகட்டிவில் மாட்டுங்கள். இப்போது செல்ஃப் எடுத்தால் எர்த்தான் குற்றவாளி.

சரிசெய்வது

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவில் ஸ்பேனர் இருக்கும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், பேட்டரி மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கும். டெர்மினலில் பூத்ததை ஆப்பச் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள், கரைசல் செல்லுக்குள் போகக் கூடாது. லக், ஹவுசிங் இரண்டையும் 80-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கிவிட்டு, அதன் பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

ஒயர் மாற்றுவதானால் 50 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர்தான் போடுவேன். செம்புப் பூச்சு போட்ட அலுமினியமும் கடையில் கிடைக்கிறது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லக்கைச் சுத்தியலால் நசுக்குவதும் எனக்குப் பிடிக்காது. பிரஸ் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

இதற்கும் எடுக்காவிட்டால்

நியூட்ரலில் வைத்து, முன்னால் கிராங்க் புல்லி போல்ட்டில் பெரிய ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாகவாவது சுற்ற வேண்டும். சுற்றவே மாட்டேன் என்றால் தள்ளியோ, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்தோ ஸ்டார்ட் செய்யக் கூடாது. நிமிர்ந்த சைலன்சர் வழியாக மழைத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம், இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை அது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: “எர்த் எல்லாம் சுத்தம் பண்ணிட்டேன் அண்ணே. காலையில நல்லா எடுக்குது, ரெண்டு மணி நேரம் உழுதுட்டு நிறுத்தினா எடுக்க மாட்டேங்குது.” அவர் வண்டியில் செல்ஃப் மோட்டாரின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து, சூடேறியதும் ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் பாகம்) உரசியிருக்கிறது. புஷ்ஷும் கார்பன் பிரஷ்ஷும் மாற்றியதும் சரியாகிவிட்டது.

இன்னொருவருக்குச் சத்தமே வரவில்லை. கிளட்ச் சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் கொட்டகையில் எலி கடித்திருந்தது. கடித்த இடம் கண்ணுக்குப் படவில்லை, விரலால் தடவிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் மட்டும் ஒயர் துவண்டு மடங்கியிருக்கிறது. நாள் கணக்கில் நிறுத்திய வண்டி என்றால் மீட்டரை எடுக்கும் முன் ஒருமுறை ஒயரைத் தடவிப் பாருங்கள்.