வழிகாட்டி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்: மோன் பிளாங்க் சுற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சுற்றிவரும் நடைபாதை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பிரான்சில் தொடங்கி, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்து வழியாக மறுபடியும் பிரான்சுக்கே வந்து சேரும். முழுச் சுற்றுக்குப் பத்துப் பதினோரு நாள் ஆகும். ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர் வரும், இறக்கமும் அதே அளவு. பாதை எங்கேயும் 2,700 மீட்டரைத் தாண்டுவதில்லை. கயிறு கட்டிப் பனியாறு கடக்கும் வேலையும் இல்லை. இரவுக்கு மலைக்குடில்கள் இருக்கின்றன, அங்கே சூடான சாப்பாடும் படுக்கையும் உண்டு. முன்னால் ஒரு வழிகாட்டி நடக்கிறார். இவ்வளவையும் கேட்டதும், "பணம் கட்டியாச்சு, மீதியை அவர் பார்த்துக்கொள்வார்" என்று தோன்றிவிடுகிறது. நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. வழிகாட்டிக்குப் பாதை தெரியும், வானிலை தெரியும். உங்கள் குதிகாலில் என்ன நடக்கிறது என்பது நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

என் குதிகால் கதையையே சொல்கிறேன். இரண்டாம் நாள் லே கோன்டமீன் கிராமத்திலிருந்து பொனோம் (Bonhomme) என்ற கணவாய்ப் பக்கம் ஏற வேண்டும். ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,300 மீட்டர் ஏற்றம். நோத்ர் டாம் த லா கோர்ஜ் என்ற சிறு தேவாலயத்தைத் தாண்டியதும் கல் பாவிய பழைய பாதை செங்குத்தாக எழும். அங்கேயே இடது குதிகாலில் லேசான சூடு தெரிந்தது. வலி இல்லை, துணி உரசுவது போல ஓர் உணர்வுதான். பின்னால் ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நின்று செருப்புக் கடி பார்ப்பதற்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த குடிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அங்கேயும் பார்க்கவில்லை. சாயங்காலம் குடில் வாசலில் காலுறையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. வழிகாட்டி குனிந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எப்போது ஆரம்பித்தது?" காலையில் என்றேன். அப்போதே சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் அரை மணி நேரம் முன்னால் எழுந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சூடு தெரிந்த நிமிடமே நில்லுங்கள். காலணியைக் கழற்றி, காலைத் துடைத்துக் காயவிட்டு, சுருக்கம் விழாமல் ஒட்டுப்பட்டையை ஒட்டுங்கள். குழு இரண்டு நிமிடம் நிற்பதில் யாருக்கும் நட்டமில்லை. நொண்டிக்கொண்டு வருகிற ஆளுக்காகத்தான் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும்.

இதே கூச்சம் உடல்நலப் படிவத்திலும் வேலை செய்கிறது. ஆஸ்துமா, சர்க்கரை, பழைய முட்டிவலி, உயரத்தைக் கண்டால் பயம் என எது இருந்தாலும் எழுதிவிடுங்கள். எழுதினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு குறுகலான ஓரப்பாதையில் கால் நகராமல் நிற்கும்போது அது வெளியே வந்தால், வழிகாட்டிக்கு அங்கே வேறு வழி இருக்காது. முன்பே தெரிந்திருந்தால் வேறு பாதை எடுத்திருப்பார்.

அடுத்தது வேகம். முதல் ஒரு மணி நேரம் வழிகாட்டி நடக்கும் வேகம், நல்ல உடல்பலம் உள்ளவர்களுக்குப் பொறுமையைச் சோதிப்பது போல இருக்கும். அவரை முந்திக்கொண்டு போகாதீர்கள். ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் சரியான வேகம், பாதி வாக்கியத்தில் நிற்கிறீர்கள் என்றால் குறைக்க வேண்டும். சுவிஸ் பகுதியில் மஞ்சள் பலகைகளில் தூரம் இருக்காது, நேரம் போட்டிருக்கும். அது ஓய்வில்லாமல் நடந்தால் ஆகும் நேரம். பலகை மூன்று மணி என்றால் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஏறுவதற்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். தொடையையும் முட்டியையும் பதம் பார்ப்பது இறக்கம். வழக்கமான சுற்றில் கடைசி நாள் பிரெவான் மலையின் 2,525 மீட்டரிலிருந்து லே ஊஷ் வரை 1,500 மீட்டர் ஒரே இறக்கம், அதுவும் பத்து நாள் களைப்போடு. ஊரில் இருக்கும்போதே முதுகுப்பையோடு படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழகுங்கள். லிஃப்டில் போய்ப் படியில் இறங்கினாலும் நல்ல பயிற்சிதான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கால்நகத்தை வெட்டிவிடுங்கள். இறங்கும் முன் கணுக்கால் பக்கத்தில் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் விரல்கள் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துவிடும். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். புதுக் காலணி வேண்டாம் என்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்.

பைகளை வண்டியில் கொண்டுவந்து தருவார்கள் என்று நம்பிப் போகிறவர்களும் உண்டு. சாலை எட்டும் இடத்துக்குத்தான் வண்டி வரும். பொனோம் கணவாய்க் குடில் 2,443 மீட்டரில் இருக்கிறது, நடந்துதான் போக முடியும். அந்த இரவுகளுக்கான துணி, மருந்து எல்லாம் உங்கள் முதுகில்தான். எந்தெந்த இரவு பை வராது என்று கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையையும் தூக்குவதானால் தண்ணீர் சேர்த்து எட்டு ஒன்பது கிலோவுக்குள் நிறுத்துங்கள். குடிலில் கம்பளி தருவார்கள். ஆனால் உள்ளே நுழைந்து படுக்க மெல்லிய துணி உறை உங்களுடையதாக இருக்க வேண்டும், பெரும்பாலான குடில்களில் இது கட்டாயம். உடம்பில் பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குளிர் கூடும், ஜூலையிலும் கணவாயில் பனி விழலாம். பைக்கு மேலே போடும் மழை உறையைக் காற்று தூக்கிவிடும். பைக்குள்ளேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைப் போட்டு அதற்குள் துணிகளை வையுங்கள்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது. சுவிஸ் பகுதியில் ஷாம்பே ஏரியிலிருந்து திரியான் கிராமத்துக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று போவீன் மேய்ச்சல் நிலங்கள் வழியாகப் போகும் சாதாரணப் பாதை. இன்னொன்று 2,665 மீட்டரில் உள்ள ஆர்பெத் கணவாய், பெரும்பாறைகளின் மேல் ஏறிப் போக வேண்டும். படங்களில் பார்த்துவிட்டு எல்லோரும் ஆர்பெத் கேட்பார்கள். மழை வரும் என்று வழிகாட்டி போவீன் பக்கம் கையைக் காட்டினால், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று நெருக்குவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈரமான பாறையில் கால் வைப்பது அவருக்குக் கஷ்டமில்லை, உங்களுக்காகத்தான் வேண்டாம் என்கிறார். இந்த மலையிலேயே இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1820 ஆகஸ்டில் ஹாமெல் என்பவர் மோன் பிளாங்க் உச்சிக்கு ஏறக் கிளம்பினார். மோசமான வானிலைக்குப் பிறகு வழிகாட்டிகள் தயங்கியும் ஏற்றம் தொடர்ந்தது. பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் இறந்தார்கள். அதற்கு மறுவருடம், 1821இல், மலையடிவார ஊரான ஷமோனியின் வழிகாட்டிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அது இன்றும் இருக்கிறது.

விடியற்காலையில் கிளம்பச் சொல்வதும் இதே காரணத்தால்தான். கோடையில் இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், அதற்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். ஜூன் கடைசியில் போகிறவர்கள் பழைய பனித் திட்டுகளைக் கவனியுங்கள். மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் ஓடை ஓடிக் குடைந்திருக்கும். வழிகாட்டி வைத்த தடத்திலேயே கால் வையுங்கள், குறுக்கே போய்ப் படம் எடுக்க வேண்டாம்.

குடில் ஒழுங்குகள் சின்ன விஷயங்கள்தான், ஆனால் பத்து இருபது பேர் ஒரே அறையில் படுக்கும் இடம். காலணியை வாசலிலேயே கழற்ற வேண்டும். இரவுச் சாப்பாடு ஆறரை ஏழு மணிக்கு எல்லோருக்கும் ஒன்றாக, தாமதமாக வந்தால் கிடைக்காமல் போகலாம். மறுநாளுக்கான பையை இரவே கட்டிவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு பிளாஸ்டிக் பை சரசரப்பதைவிடத் தொல்லை வேறில்லை. உங்கள் குப்பையை நீங்களே கீழே கொண்டுபோக வேண்டும். சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், அங்கே போய்ச் சொன்னால் ரொட்டியும் சீஸும்தான். முட்டை சாப்பிடுவீர்களா, சூப்பில் இறைச்சிச் சாறு கூடாதா என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். அவர்கள் நினைக்கும் சைவம் வேறு. கையில் யூரோ நோட்டும் கொஞ்சம் சுவிஸ் பிராங்கும் இருக்கட்டும்.

மூன்று நாடுகளும் பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிதான் என்றாலும் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். காப்பீடு மூன்று நாட்டிலும் மலை மீட்புக்குச் செல்லுமா என்று பாருங்கள், சுவிஸ் பக்கம் ஹெலிகாப்டர் வந்தால் பில் வரும். அவசர எண் 112. வழிகாட்டிக்கே ஏதாவது ஆனால் அழைக்க வேண்டியவர் நீங்கள்தான், எண்ணைப் போனில் ஏற்றிவிடுங்கள். சிக்னல் இல்லையென்றால் விசிலோ டார்ச்சோ நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் ஆறு. ஆல்ப்ஸ் முழுக்க இதுதான் உதவி கேட்கும் முறை.

முடியவில்லை என்றால் நடுவில் ஒரு நாள் விடுவதில் தப்பே இல்லை. எங்கள் குழுவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா இருந்தார். கூர்மாயோர் ஊருக்கு இறங்கிய அன்று அவருடைய முட்டி வீங்கிவிட்டது. என்னைப் போல மறைக்கவில்லை, சாப்பிடும்போதே வழிகாட்டியிடம் சொன்னார். வழிகாட்டி பேருந்து நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். மறுநாள் நாங்கள் மேட்டுப் பாதையில் நடக்க, அக்கா மதியம்வரை படுத்திருந்துவிட்டு ஃபெரெ பள்ளத்தாக்குப் பேருந்தில் லவாஷே வரை வந்து, அங்கிருந்து மெதுவாக ஏறிப் போனாத்தி குடிலுக்குப் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேரும்போது வெளித் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து எதிரே கிராண்ட் ஜொராஸ் சிகரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி நாட்கள் முழுவதும் நடந்தார்.