பொதுக்கொடியில் துணி மாறாமல் இருக்க நாலு தையல்

அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடிப் பொதுக்கொடியில் போடும் துணி ஒவ்வொன்றிலும், உள்பக்க மடிப்பு ஓரத்தில் ஒரே நிற நூலால் நாலு தையல் போட்டு வையுங்கள். சிவப்பு என்றால் வீட்டுத் துணி எல்லாவற்றுக்கும் சிவப்புதான். உள்பக்கம் தெரியும்படி புரட்டிக் காயப்போடுங்கள்.

வெள்ளை வேட்டியும் ஈரிழைத் துண்டும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஆடிக்காற்று அடித்தால் நாலு வீட்டுத் துணியும் ஒரே மூலையில் குவிந்துவிடும். இருட்டுகிற நேரத்தில் அள்ளுகிறவருக்குத் தன்னுடையது எது என்று தெரியாது. தையல் இருந்தால் கேட்கக் கூச்சமில்லை. “இது எங்களுடையதுங்க” என்று மடிப்பைக் காட்டினால் பேச்சு முடிந்தது. சலவைக்காரர்கள் அந்தக் காலத்தில் சேங்கொட்டைச் சாற்றால் குறி போட்டதும் இதற்காகத்தான். அந்தச் சாறு தோலைப் புண்ணாக்கும், நமக்கு நூலே போதும்.

வேண்டுமென்றே எடுப்பவரை இது தடுக்காது. நூலைப் பிரிக்க ஒரு நிமிடம் ஆகாது. புதுத்துணியை வீட்டு பால்கனியிலேயே காயவையுங்கள். திருபுவனம் பட்டில் ஊசி படவே கூடாது. அப்புறம், பொது வாஷிங் மெஷின் என்றால் துவைத்து முடிகிற நேரத்துக்கு செல்போனில் அலாரம் வைத்துவிட்டு, உடனே போய் எடுத்துவிடுங்கள்.