ஜெர்மனியில் முதல் குளிர்காலம்: டீசல் காரைப் பணிமனைக்குக் கொண்டுபோகும் முன்

பழைய டீசல் கார் வாங்குவதற்கான அலுவலக வேலைகள் கடினமானவை அல்ல. காப்பீட்டு நிறுவனம் தரும் ஈ-வி-பி எண்ணும் (காப்பீடு உண்டு என்பதற்கான உறுதி எண்) வண்டியின் தாள்களுமாக வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனால் வண்டி உங்கள் பெயருக்கு மாறிவிடும். தகுதிச் சோதனை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை. இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறிய பின் 6 மாதங்களுக்குத்தான் செல்லும். பனிச் சாலைக்கு மலையும் பனித்துகளும் பொறித்த குறியுள்ள டயர் கட்டாயம். இவற்றை அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கு வந்த என் நண்பருக்குப் பெரும் பணத்தைக் கரைத்தது வேறொன்று. உறைபனிக் காலைகளில் அவருடைய கார் உதறிக்கொண்டு கிளம்பும், வெள்ளைப் புகை கக்கும், சிறிது நேரத்தில் ஒன்றுமே நடவாததுபோல் சீராகிவிடும். அவர் அதைப் பக்கத்து ஊர்ப் பணிமனைக்கு ஓட்டிக்கொண்டு போனார். போய்ச் சேரும்போது எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்ததால் அங்கே எந்தக் கோளாறும் தெரியவில்லை, பேட்டரியை மாற்றினார்கள். அடுத்த குளிருக்கு மீண்டும் அதே உதறல். இம்முறை டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மாற்றி, அதற்கும் பணம் வாங்கினார்கள். கடைசியில் வேறொரு மெக்கானிக் வண்டியை இரவு முழுவதும் வெளியே நிறுத்தச் சொல்லி, காலையில் தாமே சாவியைத் திருப்பிப் பார்த்தார். கிளப்பும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்குகளில் இரண்டு செத்திருந்தன. ஒரு இரவு காத்திருந்தால் கண்டிருக்கக்கூடியதற்கு இவ்வளவு செலவா என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை.

ஊட்டியில் ஜனவரி மாதக் காலையில் பழைய ஜீப்பைக் கிளப்பியவர்களுக்கு ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருக்கும் பழக்கம் இருக்கும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். உறைந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுவதால், ஹீட்டர் பிளக் செத்த சிலிண்டரில் டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியேறுகிறது. மற்ற சிலிண்டர்கள் மட்டும் ஓடுவதால் வண்டி உதறுகிறது. சிலிண்டர் சுவர்கள் சூடேறியதும் எரியாதிருந்த சிலிண்டரும் சேர்ந்துகொள்கிறது. விளக்கு எரிந்து அணைந்ததைக் கண்டு பிளக்குகள் நலமென்று நம்பிவிடாதீர்கள். பல பழைய வண்டிகளில் அது நேரக் கணக்கில் அணைவதே தவிர, ஒவ்வொரு பிளக்கையும் சோதித்து அணைவதன்று.

ஆகவே காலையின் முதல் அரை நிமிடத்தைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். ஒலியும் புகையும் அதில் பதியட்டும். செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் பேட்டரியையும் அதன் கம்பி இணைப்புகளையும் பாருங்கள். இரவு ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும், 12.2-க்குக் கீழே போயிருந்தால் பாதிச் சார்ஜ்கூட இல்லை. செல்ஃப் வேகமாகச் சுற்றியும் புகையே வராமல் இழுத்துக்கொண்டிருந்தால் டீசல் வந்து சேரவில்லை என்று பொருள். கிளம்பிச் சிறிது தூரம் போனபின் திணறி நின்றால், குளிரில் டீசலிலிருந்து பிரியும் மெழுகு ஃபில்டரில் படிந்திருக்கலாம். இங்கே நவம்பர் நடு முதல் பிப்ரவரி முடிவு வரை -20 பாகை வரை தாங்கும் குளிர்கால டீசல் விற்கிறார்கள். கோடை டீசலுக்கு அந்தக் காப்பு 0 பாகைக்குத்தான். வேலைக்கு ரயிலில் போய்வரும் நம்மவர் பலர் செப்டம்பரில் நிரப்பிய டாங்கியோடு வண்டியை ஜனவரிவரை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். எஞ்சின் சூடான பிறகும் உதறல் நீடித்தால் மட்டுமே இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) என்று செலவு மிகுந்த பக்கம் போங்கள்.

ஊரில் சிலர் செய்வதுபோல் டீசலில் மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். இன்றைய காமன்ரெயில் (டீசலை உயர் அழுத்தத்தில் செலுத்தும் முறை) பம்பின் உராய்வைத் தணிப்பதே டீசல்தான், அது மெலிந்தால் பம்ப் தேய்ந்துவிடும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினுக்குள் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது அதைவிட ஆபத்து, உள்ளேயே வெடிக்கும்.

பிளக்கைக் கழற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுக்கணக்கில் எஞ்சினின் மேல்மூடியான அலுமினியத் தலையில் இறுகியது முறிந்தால், சில வேளைகளில் தலையையே இறக்க வேண்டிவரும். எஞ்சினைச் சூடாக்கி, துரு தளர்த்தும் எண்ணெயை முன்கூட்டியே ஊறவிட்டுத் திருகுவார்களா, முறிந்தால் செலவு யாருடையது என்பதை வேலை தொடங்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை முந்தின நாள் மாலையே விட்டு, காலையில் தாங்களே கிளப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் மின்தொடர்பே காட்டாத பிளக்குகள் எவை என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் பணிச்சீட்டிலேயே எழுதச் செய்யுங்கள்.